கீப் என்ற சொல் முடிகிற வரை

அகராதி அலுவலகம்
8 அக்டோபர் 1934

அன்புள்ள ஹில்டா,

நலம். டார்கஸ் பெரியம்மாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. மார்ச்சில் நீ அவளைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பியபோது ஆறு வாரம் என்று பேச்சு. இப்போது இங்கே ஆப்பிள் பறித்து முடிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் மரம் நன்றாகக் காய்த்தது, மிஸஸ் டக் ஜாம் கிண்டி அலமாரி முழுக்க அடுக்கிவிட்டாள், தின்ன நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதற்காகச் சொன்னேன்.

எழுத வந்த காரியம் வேறு. அகராதியின் துணைத் தொகுதிக்காக ஆசிரியர் திரு. பிரிங்கிள் எனக்கு ‘கீப்’ (keep) என்ற வினைச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். மேற்கோள் சீட்டுகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் மேலே உன் கையெழுத்து. நம் கல்யாணத்துக்கு முன் நீ வகை பிரித்து வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை போலிருக்கிறது. கட்டின நூல்கூட நீ போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

நாலே எழுத்து, ஆனால் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. தேனீ வளர்ப்பதும் கீப். கடை நடத்துவதும் கீப். கொடுத்த வாக்கைக் காப்பதும், ஞாயிற்றுக்கிழமையை அனுசரிப்பதும், டைரி எழுதுவதும், ரகசியத்தை வெளியே விடாமல் இருப்பதும் எல்லாம் அதே சொல். ஒரு ஆளை வாசலில் காக்க வைத்தால் அதற்கும் அதுதான். நீ இவற்றை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரித்திருக்கிறாய். ஒன்று, விடாமல் வைத்திருப்பது. மற்றது, மாறாமல் இருப்பது. எனக்கு மூன்றாவது ஒன்று தேவை என்று படுகிறது. ‘பராமரித்தல், குறிப்பாக ஆண் தன் மனைவியை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். உன் கருத்தைச் சொல்.

உங்கள் கடற்கரையில் பேச்சில் இந்தச் சொல் எப்படியெல்லாம் வருகிறது என்றும் எழுது. எங்களிடம் இருக்கும் சீட்டுகள் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பேசுகிற வாயிலிருந்து வந்தது குறைவு.

அன்புடன்,
எட்மண்ட்

பி.கு. என் குடையை நீ எடுத்துப் போனாயா? தேடிப் பார்த்துவிட்டேன்.


ஸ்கார்மவுத், நார்தம்பர்லாந்து
14 அக்டோபர் 1934

அன்புள்ள எட்மண்ட்,

குடை மாடிப்படிக்குப் பக்கத்தில், எப்போதும் மாட்டுகிற கொக்கியில்தான் இருக்கும். உன் கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் பார்.

பெரியம்மா தடி ஊன்றி நடக்கிறாள். ஊன்றுவதைவிட அதை நீட்டி ஆட்களை ஏவுவதுதான் அதிகம். அவள் விடுதி நிறைந்திருக்கிறது. மீன் ஏலத்துக்கு வந்த வியாபாரிகள், ஒரு பாதிரியார், பறவை பார்க்க வந்த கணவன் மனைவி ஒரு ஜோடி. காலையில் அத்தனை பேருக்கும் புகையிட்ட மீனும் முட்டையும் நான் செய்கிறேன். பாதிரியாருக்கு மட்டும் முட்டை கெட்டியாக வேகக் கூடாது. விடுதி நடத்துவதற்கும் கீப்தான், உன் சீட்டில் இருக்கும். சீட்டில் அடுப்புக் கரி இருக்காது.

மூன்றாவது கிளை தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘குறிப்பாக ஆண் தன் மனைவியை’ என்பது எங்கிருந்து வந்தது? என் வரைவில் அது இல்லை. பெரியம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள்: “இதை நேரா வந்து ஜென்னி டாட்ஸ் கிட்டப் படிச்சுக் காட்டச் சொல்லு உன் வீட்டுக்காரன. அவ கையில மீன் கத்தி இருக்கும். அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.”

ஜென்னி எங்களுக்கு மீன் கொடுக்கிறவள். அவள் புருஷன் ராபிக்குப் படகில் நசுங்கி ஒரு கால் போய்விட்டது. இப்போது குதிரை வண்டியில் உட்கார்ந்தபடி வீடு வீடாக மீன் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் அவர் வேலை. மீன் அறுப்பது, உப்புப் போடுவது, வலை பின்னுவது, பிள்ளைகள், அவர், எல்லாம் அவள் பாடு. அந்த வீட்டில் யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்று அகராதி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பேச்சில் வருவதற்கு ஒன்று: மீனைக் காட்டி, “இது நாளைக்கு வரைக்கும் கீப் ஆகுமா?” என்பார்கள். கெடாமல் இருக்குமா என்று பொருள். விஷயத்துக்கும் அப்படியே. நேற்று ஜென்னி கொல்லைக் கதவில் நின்று, “ஹில்டா, உங்கிட்ட ஒரு சமாச்சாரம் சொல்லணும். அவசரமில்ல, கீப் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறப் போட்டுச் சொன்னாலும் கெட்டுப் போகாத சமாச்சாரம் என்று அர்த்தம்.

மை தீர்ந்துவிட்டது, இனி பென்சில். இன்னொன்றும் உண்டு. ராபி தினமும் வண்டியை நிறுத்தி, “எப்படிம்மா கீப் பண்றே?” என்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நான், “நல்லா கீப் பண்றேன், ராபி” என்பேன். “அது போதும்” என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். வேறு பேச்சே கிடையாது. ஆனால் ஒரு நாளும் கேட்காமல் போனதில்லை.

ஹில்டா


14, ஆல்மா சாலை
2 நவம்பர் 1934

அன்புள்ள ஹில்டா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். குடை நீ சொன்ன இடத்தில் இருந்தது.

மீன் கெடாமல் இருப்பதும் சமாச்சாரம் கெடாமல் இருப்பதும் மிக நன்றாக இருக்கின்றன. இரண்டையும் சீட்டில் ஏற்றிவிட்டேன். ஜென்னி டாட்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அகராதி இருப்பதைச் சொல்கிற புத்தகம், இருக்க வேண்டியதைச் சொல்கிற புத்தகம் இல்லை. என் கையில் இருக்கும் சீட்டுகளில் மனைவியையும், குதிரையையும், சில சமயம் மனைவி அல்லாத ஒருத்தியையும் ஆண்தான் வைத்துப் பராமரிக்கிறான். பெண்கள் வருகிற சீட்டுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அவர்கள் கோழியை வைத்திருக்கிறார்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், வாயை மூடி வைத்திருக்கிறார்கள். இல்லாத சீட்டை நான் உண்டாக்க முடியாது. ஜென்னி தன் வாயால் அப்படி ஒரு வாக்கியம் சொன்னால், தேதி போட்டு அனுப்பு. ஏற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம். வடக்கே ஒருவரைப் பார்த்து உடம்பு எப்படி என்று விசாரிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் பக்கத்தில் உண்டா? இருந்தால் எழுது.

மிஸஸ் டக் வாரம் முழுக்க ஆட்டிறைச்சிதான் செய்கிறாள். சொல்லிப் பார்த்தேன். “நல்லாத்தானே சாப்பிடறீங்க, அப்புறம் என்ன?” என்று கேட்டுவிட்டாள்.

உனக்குச் சொல்ல எனக்கும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அவசரமில்லை. உங்கள் ஊர் மீனைப் போலக் கெடாமல் இருக்கும்.

அன்புடன்,
எட்மண்ட்


ஸ்கார்மவுத்
7 நவம்பர் 1934

எட்மண்ட்,

விசாரிக்கிற சொல்லைப் பற்றி போன கடிதத்திலேயே எழுதினேன். பென்சிலால் எழுதியிருந்தேன். அந்தப் பகுதியில் ஒரு வரிகூட உனக்குத் தெரியவில்லை. குடையும் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி நிற்கிறது. கோடு போடாத தாளிலும் கோடு போட்டதுபோல் எழுதுகிற ஆள் நீ.

உன் கண்ணுக்கு என்ன? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் காத்திருக்கட்டும்.

ஹில்டா


அகராதி அலுவலகம்
16 நவம்பர் 1934

அன்புள்ள ஹில்டா,

நான் சொல்லச் சொல்ல மிஸ் பெல் இதைத் தட்டச்சு செய்கிறாள். ஆகவே சில இடங்களில் சுருக்கமாக இருப்பேன். “நான் காதை மூடிக்கிறேன் சார், நீங்க சொல்லுங்க” என்கிறாள். இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு காதை எதனால் மூடுவாள் என்று கேட்டேன். அதையும் தட்டச்சு செய்துவிட்டாள்.

கண்ணில் அழுத்த நோய். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண், சாவித் துவாரத்தில் பார்ப்பது போல. நடுவில் இருப்பது தெரிகிறது, சுற்றி இருப்பது இல்லை. சொட்டு மருந்து போடுகிறேன். போனது திரும்பாது என்றும், இருப்பது எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். கோடையிலேயே தெரிந்துவிட்டது. அதைத்தான் கெடாமல் வைத்திருந்தேன்.

திரு. பிரிங்கிள் போன வாரம் என் மேஜைக்கு வந்தார். “என்னய்யா கார்சைட், சீட்டை மூக்கோட ஒட்டி வெச்சிருக்கே?” என்றார். மறைக்க முடியவில்லை. வருஷக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். “கீப் பாதியில நிக்குதே, அதை யார் கிட்டக் கொடுக்கறது?” என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

“கல்யாணமான பொம்பளையாச்சே. வேலைக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே.”

“அவளுக்குக் கல்யாணமானது எனக்கும் தெரியும், சார்.”

“விதியில ஒரு விலக்கு இருக்கு. புருஷன் சம்பாதிக்க முடியாத நிலைமையில இருந்தா எடுத்துக்கலாம்.”

அப்படியானால் இனி தடை ஒன்றும் இல்லையே என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முழு வேலை. உன் பெயரில், உன் பொறுப்பில். மேஜையும் பழைய ஜன்னல் பக்கத்து மேஜைதான். நீ வர வேண்டும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிவிப்பதற்காக எழுதுகிறேன்.

எட்மண்ட் கார்சைட்
(தட்டச்சு: ஐ. பெல்)


ஸ்கார்மவுத்
22 நவம்பர் 1934

அன்புள்ள எட்மண்ட்,

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் நின்றே படித்தேன். அன்று பாதிரியாருக்கு முட்டை கெட்டியாகிவிட்டது. அவர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கும்.

கண்ணைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோடையில் என்றால் எந்த மாதம்? ஜூனில் நீ எழுதியது எல்லாம் எலி பிடிக்க வந்த ஆளைப் பற்றி. ஜூலையில் கூரை ஒழுகுவதைப் பற்றி. இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து அப்போதே சாய்ந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

வேலையைப் பற்றி முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருஷம் அந்த அறையில் உன் எதிர் மேஜையில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு வெள்ளிக் கரண்டி கொடுத்து வழியனுப்பினார்கள். அன்று என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஆகவில்லை. உன் கண் போனதால் நான் தகுதி பெறுகிறேன். இதை நீ, “தடை ஒன்றும் இல்லையே” என்று எழுதியிருக்கிறாய்.

ஆறு வாரத்தில் ஏன் திரும்பவில்லை என்று நீ இதுவரை கேட்டதில்லை. நானே சொல்கிறேன். பிப்ரவரியில் சாப்பாட்டு மேஜையில் நீ வைத்திருந்த அச்சுத் தாளில் ஒரு பிழையைக் காட்டினேன். நீ தாளை மடித்து, “அதை எங்க ஆபீஸ்ல பாத்துக்கறோம்” என்றாய். எங்க ஆபீஸ். சண்டை போடுகிற அளவுக்குப் பெரிய வார்த்தை இல்லை, அதனால் போடவில்லை. அடுத்த வாரம் பெரியம்மா விழுந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அவளுக்காக வருத்தப்பட்டேன். ரயில் கிளம்பியதும் காற்றுப் பட்டது போலவும் இருந்தது. இங்கே யாரும் என்னைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுப்பதில்லை. அது எனக்குப் பழகிவிட்டது.

நேற்று ஜென்னியிடம் போனேன். துறைமுகத்தில் தொட்டிக்கு முன்னால் நின்று மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் துணி சுற்றியிருக்கும், உப்பு எரியாமல் இருக்க. உன் விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“பெரிய படிப்பாளியாச்சே, இனி என்ன பண்ணுவாரு?”

“தெரியல.”

“நீ போவியா?”

“அதுதான் உன்னக் கேக்க வந்தேன். ராபிய வெச்சுக் காப்பாத்துறது கஷ்டமா இருக்கா?”

“காப்பாத்துறதுல என்ன கஷ்டம்? மீன் இருக்கு, கை இருக்கு. ஆரம்பத்துல அந்தாளு எதுக்கெடுத்தாலும் நன்றி சொல்லிக்கிட்டே இருந்தான் பாரு, டீ குடுத்தா நன்றி, சாக்ஸ் எடுத்துக் குடுத்தா நன்றி. அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒரு நாள் கத்திய வெச்சுட்டுச் சொன்னேன், இன்னொரு தடவ நன்றி சொன்னே, வீட்ட விட்டுப் போயிருவேன்னு. மறுநாளே வண்டி ஓட்டப் போயிட்டான்.”

‘காப்பாத்துறது’ என்று அவள் சொன்னதும் கீப்தான், நீ கேட்ட சீட்டு இதுதான். தேதி 21 நவம்பர், ஸ்கார்மவுத், பேச்சு.

உன் கண்ணாக இருப்பதற்கு நான் வர மாட்டேன், எட்மண்ட். அதற்கு நான் சரியான ஆளும் இல்லை, எனக்குப் பொறுமை போதாது. வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். சொட்டு மருந்தை மிஸஸ் டக்கை விட்டுப் போடச் சொல். நீயே போட்டால் கன்னத்தில்தான் விழும்.

ஹில்டா


14, ஆல்மா சாலை
1 டிசம்பர் 1934

அன்புள்ள ஹில்டா,

இது என் கையால். அட்டையில் நீளமாக ஒரு துளை வெட்டி அதற்குள் எழுதுகிறேன். மிஸ் பெல்லின் யோசனை. வரி நேராக வருகிறது. ஆனால் மெதுவாகத்தான் எழுத முடிகிறது, ஆகவே குறைவாக எழுதுகிறேன்.

திரு. பிரிங்கிளிடம் மறுபடி போனேன். விலக்கைச் சொல்லி எடுக்க வேண்டாம், வேலை தெரிந்தவள் என்று சொல்லி எடுங்கள் என்றேன். “விதிய மாத்த எனக்கு அதிகாரம் கிடையாதுப்பா” என்றார். நான் கல்யாணத்தன்றே இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். “இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேக்கலையே” என்றார். அது சரிதான்.

எங்கள் அலுவலகம் என்று சொன்னது எனக்கு நினைவில்லை. நினைவில்லாதது நல்லதா கெட்டதா என்று யோசித்தேன். கெட்டது என்றுதான் தோன்றுகிறது.

ஜென்னியின் வாக்கியத்தை ஏற்றிவிட்டேன். ‘குறிப்பாக ஆண் தன் மனைவியை’ என்பதை அடித்தேன். அந்த ஒரு சீட்டுக்காக இல்லை. உன் வரைவு ஆரம்பத்திலேயே சரியாக இருந்தது, நான்தான் அதன் மேல் எழுதினேன். இன்னும் மிஞ்சியிருப்பது கீப் ஆஃப், கீப் ஆன் என்று பிற்சொல் சேரும் வகைகள். எட்ட வைப்பது, உள்ளே வைப்பது, ஒட்டியே இருப்பது, விடாமல் செய்துகொண்டே போவது, மற்றவர்களுக்கு ஈடாக நடப்பது. அவற்றை யாராவது முடிக்க வேண்டும்.

லெஸ்டரில் என் தங்கை மேபல் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அங்கே எனக்குப் பழகிய தெரு ஒன்றும் கிடையாது. போக முடியாது என்று இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால் உனக்கு யோசிப்பது சுலபமாக இருக்கும்.

எட்மண்ட்


ஸ்கார்மவுத்
12 டிசம்பர் 1934

அன்புள்ள எட்மண்ட்,

திரு. பிரிங்கிளுக்கு நேராக எழுதினேன். இன்று பதில் வந்தது. ஜனவரியில் சேருகிறேன். விலக்கு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் கடிதத்திலேயே எழுதினேன். “தங்கள் கருத்து கோப்பில் வைக்கப்பட்டது” என்று பதில். கோப்பில் வைத்ததற்கும் அவர் அதே வினைச்சொல்லைத்தான் போட்டிருக்கிறார். அதற்கு ஒரு தடவை சிரித்தேன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து இந்த முடிவுக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் மிஞ்சியிருக்கும் வகைகளைப் படித்தேன். ‘விடாமல் செய்துகொண்டே போவது’ கிளையின் கடைசியில் வர வேண்டுமா, நடுவில் வர வேண்டுமா என்று மனசு தானாகவே பிரிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் கோழி. இறகு பிய்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தக் கோழிய இங்க குடு. நீ எப்பவோ கிளம்பிட்டே” என்றாள்.

ஜென்னியின் மூத்த மகள் பெக்கி விடுதிச் சமையலுக்கு வருகிறாள். ஏவுவதற்குப் புது ஆள் கிடைத்ததில் பெரியம்மாவுக்குத் தெம்பு கூடியிருக்கிறது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து முந்திக்கொண்டாள்: “நான் சாகறப்போ தந்தி அடிக்கச் சொல்றேன். அதுக்கு முன்னாடி வந்து நிக்காத.” கோடையில் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆல்மா சாலை வீட்டுக்கு நான் வரவில்லை. அதே ஊரில் மிஸஸ் ஹீப் வீட்டு மாடியில் வாடகைக்கு அறை எடுத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னால் பொய்யாகும். லெஸ்டருக்குப் போவதும் இருப்பதும் உன் விருப்பம். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று போகாதே. உனக்குப் படித்துக் காட்ட ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் பார். அது நானாக இருக்கக் கூடாது. வேலையில் சந்தேகம் வந்தால் உன்னிடம் வருவேன், எதிர் மேஜைக்காரரிடம் கேட்பது போல. உன் தலையில் இருக்கிற சீட்டுகளுக்குக் கண் தேவையில்லை. நீ சொன்னது உன் பெயரில் பதிவாகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன். ஆட்டிறைச்சி வேண்டாம் என்று மிஸஸ் டக்கிடம் நான் சொல்கிறேன், என்னிடம் அவள் எதிர்க்கேள்வி கேட்க மாட்டாள். எதற்கும் நன்றி மட்டும் சொல்லாதே.

ஜனவரி ஐந்து, சனிக்கிழமை, பிற்பகல் ரயில். ஸ்டேஷனுக்கு வராதே என்று எழுதி அடித்துவிட்டேன், நீ எப்படியும் வருவாய். வந்தால் பெட்டி பெட்டியாக நடந்து என் முகத்தைத் தேடாதே, கூட்டத்தில் யார் மேலாவது இடித்துக்கொள்வாய். கடிகாரத்துக்குக் கீழே நில். நான் வந்து உன் கையைத் தொடுகிறேன்.

ஹில்டா